பனி தள்ளும் பலகை

தொல்காப்பியர் பனியை நிலமாக எண்ணவில்லை, பொழுதாகவே எண்ணினார். ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளில் முன்பனி, பின்பனி என்ற இரண்டு அதற்கு உரியவை. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. வரும், சில திங்கள் இருக்கும், போய்விடும். அதில் நடுங்குவதும் பிரிந்தவரை நினைந்து வருந்துவதும் உண்டு. அதை அள்ளி ஓரத்தில் கொட்டும் வேலை தமிழருக்கு நேர்ந்ததில்லை.

அந்த நிலைமை சென்ற நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மாறியது. 1983 ஜூலைக்குப் பின் ஈழத் தமிழர்கள் கனடாவுக்கும் நார்வேக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பெருந்தொகையில் பெயர்ந்தனர். தமிழில் அதுவரை பொழுதாக இருந்த பனி நிலமாகிவிட்டது. 'பனியும் பனி சார்ந்த இடமும்' ஆறாம் திணை என்ற பேச்சு புலம்பெயர் எழுத்தை ஒட்டி எழுந்து, இன்று ஆய்வரங்குகளில் அலுக்கும் அளவுக்கு வழங்குகிறது. (கைக்கிளையையும் பெருந்திணையையும் சேர்த்தால் எட்டாம் திணை என்றல்லவா சொல்ல வேண்டும் என்று கேட்கும் இலக்கண நண்பர்களை இப்போதைக்குப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.) இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்த புலம்பெயர் சிறுகதைத் தொகுப்பு 1994-இல் 'பனியும் பனையும்' என்ற பெயருடன் வந்தது. விட்டு வந்த நிலத்துக்குப் பனை, வந்து சேர்ந்த நிலத்துக்குப் பனி. ஓரெழுத்து வேறுபாட்டில் இரண்டு உலகங்கள்.

எனக்கு இந்த ஆறாம் திணையில் மறுப்பில்லை. ஆனால் ஒரு குறை உண்டு. திணை என்பது தட்பவெப்பம் மட்டுமன்று. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் அமைந்த பிறகு கருப்பொருள் வேண்டும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அவற்றை எண்ணிச் சொல்கிறது இலக்கணம். இவற்றுள் தொழில் என்பது எளிதில் மறக்கப்படுவது. பனித் திணையைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் தனிமையையும் வெண்மையையும் இலையுதிர்ந்த மேப்பிள் மரத்தையும் விரிவாகப் பேசுகின்றன. அந்த நிலத்தில் வாழ்பவன் காலையில் எழுந்தவுடன் செய்யும் முதல் தொழிலைப் பற்றி, நான் வாசித்த அளவில், அநேகமாக ஒன்றும் பேசுவதில்லை. அந்தத் தொழில், வண்டியின்மீது இரவெல்லாம் விழுந்து கிடக்கும் பனியை அகற்றுவது. அதற்கு ஒரு கருவி வேண்டும். இக்கட்டுரை அந்தக் கருவியைப் பற்றியது.

*

சேர்வராயன் மலையில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். எங்கள் செம்மநத்தத்தில் 'பனி' என்றால் மூடுபனி. சில்வர் ஓக் மரங்களுக்கும் காப்பிச் செடிகளுக்கும் இடையே காலையில் நிற்பது. விடியலில் ஜீப்பின் கண்ணாடியில் வழியும் ஈரத்துக்கும் அதுவே பெயர். ஒரு பழைய துணி போதும், வேலை முடிந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு அடுத்த படி உதகையில் இருக்கிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் தலைகுந்தா போன்ற பள்ளங்களில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதையும், நிறுத்தி வைத்த கார்களின்மேல் உப்புத் தூவியதுபோல் வெண்படலம் படிந்திருப்பதையும் நாளிதழ்கள் ஆண்டுதோறும் படமெடுத்துப் போடுகின்றன. அதை 'உறைபனி' என்கிறோம். தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் அளவுக்கு அது கொடியது. எனினும் அதன் கனம் ஒரு தாளின் கனம்தான். வெயில் ஏறினால் தானே போய்விடும்.

ஆகவே தமிழ்நாட்டுத் தமிழுக்குப் பனியின் குளிர் தெரியும், ஈரம் தெரியும், அழகும் தெரியும். தெரியாத ஒன்று அதன் எடை. இந்த ஒன்று தெரியாததால்தான் நமக்குப் பனி இன்னும் வருணனைப் பொருளாகவே இருக்கிறது.

*

எடையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். காற்றில்லாத குளிரில் புதிதாக விழுந்த உலர்ந்த பனி, ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். விழுந்து படிந்து இறுகியது 200, 300 கிலோவுக்குப் போகும். உருகத் தொடங்கி நீர் கோத்துக்கொண்ட ஈரப்பனி அதற்கும் மேல். முற்றிலும் கட்டியாகிவிட்டால் 917 கிலோ. நீரைவிடச் சற்றே குறைவு.

ஒரு சாதாரணக் காரின் கூரை ஏறத்தாழ 2 சதுர மீட்டர் என்று கொள்வோம். அதன்மேல் 30 செ.மீ. பனி விழுந்தால் 0.6 கன மீட்டர். உலர்பனியாக இருந்தால் 60 கிலோ. இறுகிய பனியாக இருந்தால் 120 கிலோவுக்கு மேல். சரக்கு வேனின் கூரை 6 சதுர மீட்டர் இருக்கும். அதில் 20 செ.மீ. புதுப்பனி என்றாலே 120 கிலோ. இரண்டு மூட்டை அரிசிக்குக் குறையாது. டொராண்டோவில் ஒரு குளிர்காலத்தில் விழும் பனி, சராசரியாக ஏறக்குறைய ஒரு மீட்டர். 1999 ஜனவரியில் அங்கே அடுத்தடுத்து விழுந்த பனியைச் சமாளிக்க இயலாமல் நகர மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தையே துணைக்கு அழைத்தார். மற்ற கனடியர்கள் அதைச் சொல்லி இன்றும் அந்நகரத்தைக் கேலி செய்கிறார்கள்.

கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு ஓட்டிச் சென்றால் என்ன? பலரும் அதைத்தான் செய்கிறார்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது, விரல் மரத்துவிட்டது, கூரை கைக்கு எட்டவில்லை. இங்கேதான் செய்தி வருணனையிலிருந்து வழக்குமன்றத்துக்குப் போகிறது. வண்டியின் உட்சூட்டில் கூரைப் பனியின் அடிப்பகுதி உருகி, மறுபடி உறைந்து, பலகைபோல் கட்டியாகிறது. நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் காற்று அதன் முன்விளிம்பின்கீழ் புகுந்து தூக்குகிறது. மேலெழும் பாளம் பின்னால் வருபவரின் முகக்கண்ணாடியில் விழுகிறது. அந்த வேகத்தில் ஒரு வண்டி வினாடிக்கு 28 மீட்டர் கடக்கும். பின்னால் வருபவர் விலகுவதற்கு அவகாசம் ஏது? திடீரென்று பிரேக் பிடித்தால் அதே பனி முன்னோக்கிச் சரிந்து, ஓட்டுபவரின் கண்ணாடியையே மூடிவிடும்.

2005 கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லாரி ஒன்றிலிருந்து பறந்த பனிக்கட்டி காரின் கண்ணாடியை உடைத்ததில் ஒரு பெண்மணி இறந்தார். அவர் பெயரால் 'கிறிஸ்டீன் சட்டம்' என வழங்கும் சட்டம் 2022-இல்தான் அங்கே நிறைவேறியது. பனியோ கட்டியோ விழுந்து நின்ற 24 மணி நேரத்துக்குள் வண்டியின்மேல் சேர்ந்ததை அகற்ற ஓட்டுநர் தக்க முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது அது. ஓர் உயிருக்கும் ஒரு சட்டத்துக்கும் இடையில் பதினாறு ஆண்டுகள். நியூ ஜெர்சியில் இத்தகைய சட்டம் 2010-இலேயே நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பில் 229-ஆம் விதி, பிறர் பாதையில் விழக்கூடிய பனி முழுவதையும் புறப்படுமுன் நீக்குமாறு சொல்கிறது. இலண்டன் தமிழர்களுக்கு உரிமத் தேர்விலேயே அறிமுகமாகும் நூல் அது.

இந்த விதிகள் அனைத்துக்கும் பின்னால் உள்ள கருத்து ஒன்றே. கண்ணாடிமேல் உள்ள பனி எனக்கு ஆபத்து. கூரைமேல் உள்ள பனி பின்னால் வருபவனுக்கு ஆபத்து. முதலாவதை எல்லாரும் துடைக்கிறார்கள். இரண்டாவதைத் துடைப்பதற்கு நீண்ட கருவியும், முகமறியாத ஒருவரைப் பற்றிய நினைப்பும் வேண்டும்.

*

என் பழைய மாணவர் ஒருவர், செம்மநத்தத்துக்காரர், இப்போது டொராண்டோவை அடுத்த பிராம்ப்டன் நகரில் சரக்கு வேன் ஓட்டுகிறார். இலக்கியத்தில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. திணைப் பாகுபாட்டைத் தேர்வுக்காக மனனம் செய்தவர். அவர் இரண்டு குளிர்காலங்களுக்கு முன் தாமே செய்துகொண்ட பனி தள்ளும் பலகையின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். "ஐயா, இது என்னன்னு தெரியுதா?" என்று ஒரு வரி மட்டும் கீழே. பார்த்த உடனே தெரிந்தது. எங்கள் ஊர்க் காப்பிக் களத்தில் கொட்டை தள்ளும் பலகை!

காப்பித் தோட்டத்தைப் பார்த்திராத நண்பர்களுக்காக ஒரு சொல். பழத்தின் தோலை நீக்கிக் கழுவிய காப்பிக் கொட்டையைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி வெயிலில் உலர்த்துவார்கள். சீராக உலர்வதற்காக நாளில் பலமுறை அதைத் தள்ளிப் புரட்ட வேண்டும். நீண்ட கோலின் நுனியில் குறுக்காகப் பொருத்திய ஒரு பலகைதான் அதற்குக் கருவி. நெல் காயும் களத்திலும் இதே பலகையைக் காணலாம். அது மரத்தில்தான் இருக்கும். இரும்பு விளிம்பு கொட்டையின் மேல்தோட்டை உடைத்துவிடும். தள்ளப்படும் பொருளுக்கோ அடியில் உள்ள தரைக்கோ ஊறு நேராமல் தள்ள வேண்டும் என்பதே அப்பலகையின் இலக்கணம்.

காரின் வண்ணப்பூச்சும் அப்படிப்பட்ட ஒன்றுதான். கடையில் விற்கும் தூரிகையின் மயிர்களுக்கிடையே மணலும் சாலையில் தூவிய உப்பும் சேர்ந்துகொள்கின்றன. பிறகு ஒவ்வோர் இழுப்பும் ஒரு கீறல். இரும்பு மண்வாரியால் கூரையைச் சுரண்டுபவர்களும் உண்டு. விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும் கடைத் தூரிகைகளில் பல சிறு காருக்கு அளவெடுத்தவை. வேனின் கூரை நடுவுக்கு எட்டுவதில்லை.

மாணவர் முதலில் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றில் பழைய கம்பளியைச் சுற்றிக்கொண்டு முயன்றிருக்கிறார். அது நல்ல யோசனைபோல் தோன்றியது. பத்து நிமிடம்தான் தாங்கியது. கம்பளி நீரை உறிஞ்சி, உறைந்து, கல்லாகிவிட்டது. அடுத்ததாகக் கட்டடச் சுவர்களில் குளிர் புகாமலிருக்க வைக்கும் நுரைப்பலகையில் ஒரு துண்டை எடுத்தார். நாம் தெர்மாகோல் என்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு; ஆனால் மணிமணியாக உதிராது, நீரை உறிஞ்சாது, எடையும் இல்லை. 5 செ.மீ. தடிமனில், 50 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமுமாக வெட்டினார். அதன் முதுகில் 40 செ.மீ.க்கு 12 செ.மீ. அளவில் மெல்லிய ஒட்டுப்பலகை. இது நுரையைவிட எல்லாப் பக்கமும் சிறியதாக இருப்பது முக்கியம். மரத்தின் விளிம்பு ஒருபோதும் வண்டியைத் தொடக்கூடாது. ஒட்டுப்பலகையில் திருகாணி கொண்டு துடைப்பக் கட்டையின் மரையுள்ள பகுதியைப் பொருத்தி, அதன் பிறகே நுரையோடு ஒட்டினார். ஆணியோ திருகோ முகப்புப் பக்கம் வரவில்லை. எல்லாப் பசையும் இதற்கு ஆகாது; கரைப்பான் கலந்த ரப்பர் பசை இந்த நுரையைத் தின்றுவிடும். நுரைக்கென்றே விற்கும் பசை வேண்டும்.

கோலுக்கு, சுவருக்கு வண்ணம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் நீட்டிக் குறுக்கும் கழி. பிடிக்கும் இடத்தில் துணிப்பட்டை சுற்றியிருக்கிறார். வெற்று அலுமினியம் கையுறையையும் தாண்டிச் சுடும் என்கிறார். குளிர் 'சுடும்' என்பதைக் கவிதை நயமென்று எண்ணியிருந்த எனக்கு அது வெறும் தகவல் என்று புரிந்தது. பிளாஸ்டிக் குழாய் மலிவு என்றாலும் கடுங்குளிரில் நொறுங்கும் இயல்புடையது, அதைத் தவிர்த்துவிட்டார்.

பயன்படுத்தும் முறையும் களத்தில் கற்றதுதான். குவியலை ஒரே மூச்சில் தள்ள முயலக்கூடாது. மேலிருந்து ஒரு சாண் கனத்துக்கு மேற்படாமல் அடுக்கடுக்காகத் தன்பக்கம் இழுத்து விழவிட வேண்டும். கடைசி ஒரு விரற்கடையைச் சுரண்டக்கூடாது. அது வண்டி சூடேறும்போது தானே நெகிழும், அப்போது எடுத்துவிடலாம். கூரை முதலில், கண்ணாடிகள் பிறகு, அதன்பின் முன்மூடி, கடைசியாக விளக்குகளும் எண் பலகையும். கண்ணாடியைக் கூரைக்கு முன் துடைத்தால் கூரைப் பனி விழுந்து மறுபடி துடைக்க வேண்டிவரும். இந்த வரிசையைப் புதிதாக வந்தவர் எவரும் முதல் நாளில் சரியாகச் செய்வதில்லையாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று உண்டு. எந்திரத்தை முடுக்குமுன் வண்டியின் பின்னால் குனிந்து புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை நீக்க வேண்டும். 2022 ஜனவரி 7, 8 தேதிகளில் பாகிஸ்தானின் முர்ரீயில் நடந்ததை நினைவில் கொள்ளலாம். முர்ரீயும் ஏற்காட்டைப் போலவே வெள்ளையர் காலத்தில் உருவான மலை வாழிடம். பனி பார்க்கப் போன சுற்றுலாப் பயணிகளின் கார்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் சிக்கிக்கொண்டன. இருபதுக்கும் மேற்பட்டோர் தங்கள் கார்களுக்குள்ளேயே இறந்தனர். குளிருக்கு எந்திரத்தை ஓடவிட்டபோது, பனி அடைத்த புகைக்குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்தது அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. மணமும் நிறமும் அற்ற வாயு. உறக்கம் வருவதுபோல் வரும். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு நம் ஊர்ச் சுற்றுலாப் பயணிகளும் மணாலி தாண்டி இலாகூல் பனிக்குள் எளிதாகப் போய்வருகிறார்கள். பனியில் படம் எடுக்கத் தெரிந்த அளவுக்குப் புகைக்குழாயைப் பார்க்கத் தெரிந்தவர் அவர்களுள் எத்தனை பேர்?

*

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். முதல் மறுப்பு: கடையில் நுரைமுகம் கொண்ட பனித் துடைப்பமே கிடைக்கிறதே, சில டாலரில் முடியும் வேலைக்கு இவ்வளவு பாடா? கிடைக்கிறது, வாங்கட்டும். நான் எதையும் வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன். கண்ணாடியில் ஒட்டிய கட்டியைச் சுரண்டும் சிறு கருவியைக் கடையில் வாங்குவதே நல்லது. சமையலறைக் கத்தியை அதற்குப் பயன்படுத்துகிறவரும் வெந்நீரை ஊற்றிக் கண்ணாடியை விரிசல்விடச் செய்கிறவரும் வீட்டுக் கைத்திறனுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள். உயரமான வண்டிக்கு வழுக்கும் தரையில் ஏணி போட்டு ஏறுவதும் அப்படியே.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. ஓர் எளிய உழைப்பாளியின் வேலைச்சுமையை நீங்கள் இலக்கியமாக்கி மகிழ்கிறீர்கள். அவருக்கு வேண்டியது பனியைத் தானே நீக்கும் முதலாளி, அல்லது கூரையுள்ள வண்டிநிறுத்தம். இது உண்மை. பெரிய சரக்கு நிறுவனங்கள் சில, லாரி நுழைந்து வெளியேறும்போதே கூரைப் பனியை வழித்துவிடும் சட்டகங்களை நிறுவியிருக்கின்றன. சொந்த வேனில் நாள் முழுதும் பொட்டலம் கொடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. மாரடைப்பு பற்றிய எச்சரிக்கையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கியூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனைத் தரவுகளை ஆராய்ந்து 2017-இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரை, கடும் பனி பெய்த மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு மிகுவதைக் காட்டியது. பனி அள்ளும் உழைப்பே காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே இலேசான கருவி என்பது சொகுசு அன்று. அடுக்கடுக்காக எடுப்பது சோம்பலும் அன்று.

நான் வலியுறுத்துவது வேறு. பனியை முதன்முறை பார்க்கும் வயதில் வந்துசேர்ந்த ஒருவர், அந்நிலத்துக்காரர் எவரிடமும் கேட்காமல், தம் ஊர்க் களத்தின் நினைவிலிருந்து அந்நிலத்துக்கு ஒரு கருவியை வடித்துக்கொண்டிருக்கிறார். கொட்டைக்கு மரம், பனிக்கு நுரை. இலக்கணம் ஒன்றே, பொருள் வேறு. ஒரு பண்பாடு ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்குப் பெயர்வது என்பது கோயில் கட்டுவதிலும் ஆண்டுவிழா நடத்துவதிலும் மட்டும் நிகழ்வதில்லை. கை கற்றது பெயர்வதும் அதில் அடங்கும். ஆனால் கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு, விழாவுக்கு மலர் உண்டு. பலகைக்கு எழுத்தில் இடம் இல்லை.

*

பழைய தமிழில் அந்த இடம் இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். குறிஞ்சித் தலைவி தினைப்புனம் காக்கப் போகிறாள். கிளி ஓட்ட அவள் கையில் என்னென்ன இருக்கின்றன? தட்டை, குளிர், தழல். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அவற்றைப் பெயர்சொல்லி வைத்திருக்கிறது. தட்டை, மூங்கிலைப் பிளந்து ஓசை எழும்படி செய்தது. தேன் எடுக்கச் செங்குத்துப் பாறையில் ஏறும் மலைவாழ்நர் நட்ட மூங்கிலுக்கு 'மால்பு' என்று பெயர். உரையாசிரியர்கள் கண்ணேணி என்பார்கள். தனி மூங்கிலின் கணுக்களையே படியாக்கிய ஏணி அது. மிளகுக்கொடி படர்ந்த உயர்ந்த மரங்களில் ஏறுவதற்கு மலைத்தோட்டங்களில் இன்றும் ஒற்றை மூங்கில் ஏணி சார்த்துவதைப் பார்க்கலாம்.

இவை எதுவும் கடையில் வாங்கியவை அல்ல. வேலை செய்தவரே செய்துகொண்டவை. இவற்றுக்குப் பாட்டில் இடம் கிடைத்ததற்குக் காரணம் புலவரின் கருணை அன்று. அவை இல்லாமல் தினைப்புனம் இல்லை. தினைப்புனம் இல்லாமல் சந்திப்பு இல்லை. சந்திப்பு இல்லாமல் குறிஞ்சியின் உரிப்பொருளே இல்லை. கருவி கருப்பொருளைத் தாங்குகிறது. கருப்பொருள் உரிப்பொருளைத் தாங்குகிறது. அடிப்படையை விட்டுவிட்டு மேற்கட்டடத்தைப் பாடினால் அது அஞ்சலட்டைப் படமாகிவிடும். பனித் திணையைப் பற்றிய நம் எழுத்தில் பெரும்பகுதி, மன்னிக்க வேண்டும், அஞ்சலட்டைப் படமாகவே இருக்கிறது.

அப்படியானால் பனித் திணையின் உரிப்பொருள் என்ன? பிரிவு என்பார்கள், அது பாலைக்கும் நெய்தலுக்கும் முன்னமே உரியது. தனிமை என்பார்கள்; அது முல்லையின் இருத்தலுக்குள் அடங்கிவிடும். புதிய திணை ஒன்றைக் கோருபவர், பழைய ஐந்தில் இல்லாத ஓர் உணர்வைக் காட்ட வேண்டும். என் கருத்து இது: ஐந்திணையில் உணர்வு எப்போதும் தெரிந்த இருவருக்கு இடையில் நிகழ்கிறது. தலைவன், தலைவி, மிஞ்சினால் தோழியும் செவிலியும். பனி நிலத்தில், இருள் விலகாத காலையில், கை மரத்துப்போக ஒருவர் தம் வண்டியின் கூரையைத் துடைக்கிறார். அது அவருக்குத் தெரியாத, அவர் என்றும் பார்க்கப்போகாத, பின்னால் வரும் ஒருவருக்காக. துடைக்காவிட்டாலும் அநேகமாக ஒன்றும் நடக்காது. ஆயினும் துடைக்கிறார். இந்த உணர்வுக்கு அகத்திலும் இடமில்லை, புறத்திலும் இடமில்லை. ஆறாம் திணைக்கு உரிமைப் பத்திரம் வேண்டுமானால் அது இங்கே இருக்கிறது என்பேன்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து இதை வாசிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு வாசலிலோ வண்டியின் பின்பெட்டியிலோ நீங்களே செய்த, ஒட்டிய, நீட்டிய, சுற்றிக் கட்டிய ஏதேனும் ஒரு பனிக்கருவி நிச்சயம் இருக்கும். அதற்கு வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள்? பலகை என்றா, துடைப்பம் என்றா, வேறு ஏதேனுமா? எழுதுங்கள். பெயரையும் அளவையும் எழுதுங்கள். எந்த ஊர்க் கருவியின் சாயல் அது என்பதையும் எழுதுங்கள். என் மாணவர் தம்முடையதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. "களத்துப் பலகைன்னே சொல்றேன், ஐயா" என்றார். எனக்கு அது போதுமானதாகப் படுகிறது. என்றாலும் இன்னும் நல்ல சொல் ஒன்று ஸ்கார்பரோவிலோ ஆஸ்லோவிலோ ஏற்கெனவே வழக்கில் இருக்கக்கூடும். அகராதிக்காரர்கள் அதைத் தேடி வரமாட்டார்கள். நாம்தான் குறித்துவைக்க வேண்டும்.